ஆகும்பேயில் ராஜநாக முகாம்: பாம்பு கண்ணில் படவில்லை, இருந்தும் ஐந்துக்கு நாலு

விளம்பரத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இந்த இடத்தைப் பற்றி வரும் கோபமான ரிவ்யூக்களில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகின்றன. படமெடுத்து நிற்கும் ராஜநாகம், பின்னால் பச்சைப்பசேலென்று காடு, கீழே கொட்டை எழுத்தில் "ராஜநாகத்தின் தலைநகரில் இரண்டு இரவு, மூன்று பகல்". தங்கல், சாப்பாடு, இரவு நடை எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஏழாயிரத்துச் சொச்சம். இதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுகிறவன் பாம்பைக் காட்டுவார்கள் என்றுதானே நினைப்பான்? காட்ட மாட்டார்கள். தானாக எதிரே வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அப்படிக் காட்டாமல் இருப்பதுதான் இந்த முகாமின் யோக்கியதை என்பது என் கட்சி. அதை விளம்பரத்திலேயே நாலு வார்த்தையில் சொல்லித் தொலைத்தால் என்ன என்பது என் புகார்.

நடத்துகிறவர்களின் பெயரைப் போடவில்லை. குறைகளும் சொல்லப்போகிறேன், தவிர பாக்குத்தோட்டத்து வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கி, கூடவே பாம்பு, தவளை என்று முகாம் நடத்துகிறவர்கள் அந்த வட்டாரத்தில் பலர் இருக்கிறார்கள். எங்கே பதிவு செய்தாலும் எதைக் கேட்க வேண்டும், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று தெரிந்தால் போதும்.

ஆகும்பே கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம், தீர்த்தஹள்ளி தாலுகா. மேற்குத்தொடர்ச்சி மலையின் விளிம்பில், கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் சின்ன ஊர். அரபிக்கடலிலிருந்து வரும் மேகம் முதலில் முட்டிக்கொள்வது இந்த மலைச்சரிவில்தான் என்பதால் வருஷத்துக்கு 7000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னைக்கு அது 1400 சொச்சம், அதற்கே நாம் படும் பாடு தெரியும். உடுப்பியிலிருந்து மினி பஸ்ஸில் போவது நல்லது. சோமேஸ்வராவைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும், ஜன்னலோர சீட் கிடைத்தால் அந்த ஒரு மணி நேரத்துக்கே டிக்கெட் காசு கழிந்துவிடும். பெங்களூரிலிருந்து இரவு பஸ்ஸும் உண்டு, ஆனால் விடிகாலையில் மழையில் இறக்கிவிட்டுப் போய்விடுவான், ஹோம்ஸ்டே ஜீப் வருவதற்குள் பை நனைந்து ஊறிவிடும்.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டு வீடு, சிமென்ட் தரை, மரக் கட்டில். படுக்கை விரிப்பு சுத்தம், ஆனால் ஈரம். மெத்தையும் ஈரம், தலையணையும் ஈரம், சட்டையைக் கொடியில் போட்டால் போட்டதைவிட ஈரமாகக் கையில் வரும். செப்டம்பர் ஆரம்பத்திலேயே இந்தக் கதி. அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது, மழைக்காடு என்றால் அப்படித்தான். ஆனால் பத்துப் பேருக்கு இரண்டே கழிப்பறை என்பது மழையின் குற்றம் இல்லை. கம்பூட் தருகிறோம் என்றார்கள், தந்தார்கள், எல்லாமே ஒன்பதாம் நம்பர். என் மனைவி உள்ளே இரண்டு காலுறை திணித்துக்கொண்டுதான் நடந்தார்.

சாப்பாட்டுக்கு முழு மதிப்பெண். காலையில் அக்கி ரொட்டி, ஒரு நாள் நீர்தோசை, மதியம் மூங்கில் குருத்துப் பல்யாவும் (நம் பொரியல்) சாரும் (நம் ரசம்), மாலையில் பால் விட்ட கஷாயம். வீட்டு அம்மாவே நின்று பரிமாறுகிறார், போதும் என்றால் காதில் விழாது. இரவுச் சாப்பாடு மட்டும் ஒன்பதரைக்கு மேல்தான் வருகிறது, குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த முகாமில் காசுக்கு ஈடான சரக்கு என்று ஒன்று இருக்கிறதென்றால் அது முதல் நாள் மாலை நடக்கும் பேச்சு. பேசுகிறவர்தான் முகாமின் வழிகாட்டியும், அந்த ஊர்க்காரர், நாற்பது வயதிருக்கும், கன்னடம் கலந்த தமிழ், பெங்களூரில் தமிழர்களோடு வேலை பார்த்தபோது பிடித்துக்கொண்டதாம். ஸ்லைடு போட்டுக் கொல்லப்போகிறார் என்று நினைத்தேன், கரண்ட் போய் அதிலிருந்து எங்களைக் காப்பாற்றியது. லாந்தர் வெளிச்சத்தில் மேசை மேல் ஒரு பாம்புச்சட்டையை விரித்தார். மேசை போதாமல் இரண்டு பக்கமும் தொங்கியது. எவ்வளவு நீளம் சொல்லுங்கள் என்றார். ஆளாளுக்குப் பதினைந்து அடி, பதினெட்டு அடி என்று ஏற்றினோம். சட்டை உரியும்போது இழுபட்டு நீளும், ஆகவே சட்டையை அளந்து பாம்பைச் சொன்னால் எப்போதும் கூடுதலாகத்தான் வரும், ஊரில் சொல்லப்படும் முக்கால்வாசி 'இருபதடி'க் கதைகள் அப்படி வந்தவை என்றார். ராஜநாகம் சாதாரணமாக மூன்று, நாலு மீட்டர். மலேசியாவின் நெகிரி செம்பிலானில் பிடிபட்டு லண்டன் விலங்குக்காட்சி சாலையில் வளர்ந்த ஒன்று 5.71 மீட்டர் வரை போனது. உலகத்து விஷப்பாம்புகளில் இதைவிட நீளமானது கிடையாது, அதற்கு இருபதடிக் கதை தேவையும் இல்லை.

அப்புறம் அந்தச் சட்டையின் தலைப்பகுதியை மட்டும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கண்ணை மூடியிருந்த செதில்கூட கண்ணாடி மாதிரி அப்படியே இருந்தது. உச்சந்தலையில் பெரிய பெரிய தகடுகளாகச் செதில்கள், அவை முடிகிற இடத்தில், பிடரிக்கு மேலே, இன்னும் இரண்டு பெரிய செதில்கள் ஜோடியாக. ஒரு குச்சியால் தொட்டுக் காட்டினார். நல்லபாம்பின் சட்டையையும் பக்கத்தில் வைத்தார், அதில் அந்த இரண்டும் இல்லை, பிடரியில் சிறு செதில்கள்தான். நாகம் என்று பெயரில் இருக்கிறதே தவிர, இது நல்லபாம்பின் பேரினத்தைச் சேர்ந்ததே அல்ல, தனிப் பேரினம். படமும் நல்லபாம்பினுடையதைப் போல அகன்று விரியாது, ஒடுங்கி நீண்டிருக்கும். ஆனால் உடம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தூக்கி நிற்கும், நாலு மீட்டர் பாம்பு என்றால் ஒரு மீட்டருக்கு மேலே தலை, அப்படி நின்ற வாக்கிலேயே முன்னாலும் நகரும். சீறுவதும் வழக்கமான 'உஸ்' இல்லை. மூச்சுக்குழாயில் இருக்கும் பைகளால் அடிக்குரலில் உறுமலாக வரும். அதைத் தொண்டையைச் செருமிச் செய்து காட்டினார், எங்கள் கூட வந்த சின்னப் பெண் அம்மா மடியில் ஏறிவிட்டது.

பாம்பைத் தின்னும் பாம்பு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆகும்பே பக்கம் அதன் சாப்பாட்டில் முக்கியமானவை சாரை, நல்லபாம்பு, மலபார் குழிவிரியன். அது வீட்டுக்குள் வருவதற்குக் காரணமும் இதுவே: வீட்டில் நெல், நெல்லுக்கு எலி, எலிக்குச் சாரை, சாரையைத் துரத்திக்கொண்டு இது. விறகுக்கட்டில் நுழைந்த சாரையின் பின்னாலேயே வந்து சமையலறைப் பரணில் ஏறிக்கொண்ட கதைகள் அங்கே வீட்டுக்கு வீடு இருக்கின்றன. மார்ச் முதல் மே வரை ஆண்கள் பெண்களைத் தேடி அலையும் காலம், வீட்டில் பாம்பு, வந்து பிடியுங்கள் என்ற அழைப்புகளும் அப்போது அதிகம். இரண்டு ஆண் எதிர்ப்பட்டால் சண்டை, ஆனால் கடித்துக்கொள்வதில்லை. உடம்பைப் பின்னி நிமிர்ந்து எழுந்து ஒன்றின் தலையை மற்றொன்று தரையில் அழுத்தப் பார்க்கும், அழுத்தப்பட்டது ஓடிவிடும். நம் ஊரில் சாரையும் நல்லபாம்பும் பிணைவதாகச் சொல்லித் துணி போட்டு எடுப்பார்களே, அங்கேயும் நடப்பது இரண்டு ஆண் சாரைகளின் இதே மல்யுத்தம்தான். ஆனால் ராஜநாகம் பெண்ணிடம் இவ்வளவு நாகரிகமாக எப்போதும் நடந்துகொள்வதில்லை. ஆண் ஒன்று பெண்ணைக் கொன்றது ஆகும்பேயிலேயே பதிவாகியிருக்கிறது.

பதிவாகியிருக்கிறது என்றால் யார் பார்த்தது என்று கேட்டேன். அங்கே 2005-இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய மழைக்காட்டு ஆய்வு நிலையம் இருக்கிறது. நம் கிண்டி பாம்புப் பண்ணையையும் மகாபலிபுரம் சாலையில் முதலைப் பண்ணையையும் தொடங்கிய அதே விட்டேகர். 2008-இல் அங்கே ராஜநாகத்தின் உடம்புக்குள் சின்ன ரேடியோ கருவியை அறுவை செய்து வைத்து, ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்கப் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தார்கள். ராஜநாகம் பகலில் நடமாடும் பாம்பு என்பதால் பின்தொடர்கிறவர்களுக்கு அது ஒரு சௌகரியம், மலையில் நடக்க வேண்டியதுதான் அசௌகரியம். அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்று நேரடியாக ஊர்க்காரர்களுக்கு உதவியது: வீட்டில் பிடித்த பாம்பை 'பத்திரமாக' எங்கோ தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டால் அது அங்கே தங்குவதில்லை, மற்றவற்றைவிட ரொம்ப அதிகமாக அலைகிறது. இப்போது பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே விடுவதற்கு அதுதான் காரணம். இந்த ஹோம்ஸ்டேக்கும் ஆய்வு நிலையத்துக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை, அதை அவரே தெளிவாகச் சொல்லிவிட்டார், அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. பதிவு செய்யும்போது சிலர் அந்த நிலையத்தின் பெயரைச் சொல்லி ஆள் பிடிப்பதாகக் கேள்வி, விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கடுப்பு. கையில் ஒரு வழவழ மடிப்புத்தாள் தந்தார்கள், விற்பனைக்கு டி-ஷர்ட்டும் உண்டு, இரண்டிலும் ராஜநாகத்தின் அறிவியல் பெயராக 'ஓஃபியோஃபேகஸ் ஹன்னா' என்று பெரிதாக அச்சடித்திருந்தது. 1836-இல் கேன்டர் என்ற விலங்கியலாளர் பெயர் வைத்ததிலிருந்து இந்தியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை எல்லா ராஜநாகமும் ஒரே இனம் என்றுதான் கணக்கு. அந்தக் கணக்கு 2024-இல் மாறிவிட்டது. பாம்பு ஆய்வாளர் கௌரி சங்கரும் கூட்டாளிகளும் மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு அதை நாலு இனமாகப் பிரித்தார்கள். மேற்குத்தொடர்ச்சி மலையில் இருப்பது ஓஃபியோஃபேகஸ் காளிங்கா என்று தனி இனம், உலகத்தில் வேறெங்கும் கிடையாது. வடக்கே, கிழக்கே உள்ளவற்றுக்கு உடம்பின் வெளிர் பட்டைகளுக்குக் கருப்பு விளிம்பு இருக்கும், இதற்கு அந்த விளிம்பு இல்லை. ஆகும்பேக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் என்ன வேண்டும்? வால்பாறைப் பக்கமும் களக்காடு, முண்டந்துறைப் பக்கமும் நம் மலையில் இருப்பதும் இதே சொத்துதான். பேச்சில் அவர் சரியாகச் சொன்னார், தாளைத்தான் மாற்றவில்லை. பழைய டி-ஷர்ட் விற்றுத் தீரட்டும் என்று காத்திருக்கிறார்கள் போல.

இரவு நடை இரண்டு மணி நேரம், ஓடைக்கரையோரம். இதில் ராஜநாகத்தை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்ல வேண்டியது, அது இரவில் தூங்கும். நாங்கள் பார்த்தது மலபார் குழிவிரியன், ஓடைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கிளையில், பாசி படிந்த கொடி என்றே நினைத்தேன், டார்ச்சை அவர் பக்கவாட்டில் சாய்த்த பிறகுதான் தலை தெரிந்தது. பச்சைப்பாம்பு ஒன்று இலை மேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. தவளைகளுக்குக் கணக்கில்லை. அட்டைகளுக்கும் கணக்கில்லை, உப்பும் புகையிலைத் தூளும் பூசிக்கொண்டு போனதெல்லாம் பத்து நிமிஷ மழையில் கரைந்துவிட்டது. வழியில் ஓரிடத்தில் கையைக் குறுக்கே நீட்டி எல்லோரையும் நிறுத்தினார். காய்ந்த இலைக்குவியல், அதில் ஒன்றுமே தெரியவில்லை. அரை நிமிஷம் கழித்து ஒரு இலை மட்டும் மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது: மூக்கு தூக்கிய குழிவிரியன், ஒரு சாண் சுருள். "ராஜநாகத்துக்குப் பயந்து மேல பார்த்துட்டே நடப்பாங்க சார், கடிக்கிறது இவன்தான்" என்றார்.

இங்கேதான் முகாமின் பெரிய ஓட்டை. நம் நாட்டில் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் பாம்புக்கடி மருந்து நாலு பாம்புக்கு எதிரானது: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் விஷம் எடுத்துத் தருவதும் இந்த நாலுக்குத்தான். மூக்கு தூக்கிய குழிவிரியன் அந்தப் பட்டியலில் இல்லை, ராஜநாகமும் இல்லை. ராஜநாகத்துக்கென்று தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம் பாங்காக்கில் தனி மருந்து தயாரிக்கிறது, அவர்கள் ஊர்ப் பாம்பின் விஷத்திலிருந்து. இங்கே அப்படி ஒன்று தயாராவதில்லை. துளிக்குத் துளி பார்த்தால் ராஜநாக விஷம் நல்லபாம்பினுடையதைவிடக் கடுமை குறைவுதான், ஆனால் ஒரு கடியில் அது இறக்கும் அளவு பல மடங்கு, நரம்பைத் தாக்கி மூச்சுத் தசைகளை நிறுத்திவிடும், செயற்கைச் சுவாசம் கொடுக்க வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதில்தான் உயிர் இருக்கிறது. ஆகும்பேயிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி என்றால் மணிப்பால், மலை இறங்கிப் போக ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், மழையில் அதற்கும் மேலே. ராஜநாகம் மனிதனைக் கடிப்பது ரொம்ப அபூர்வம், விலகிப்போக வழி விட்டால் போய்விடும், அதெல்லாம் உண்மை. ஆனாலும் இரவில் பத்துப் பேரைக் காட்டுக்குள் கூட்டிப்போகிறவர்கள் வாசலில் ஒரு வண்டியும் டிரைவரும் தயாராக வைக்க வேண்டாமா? நாங்கள் நடந்துகொண்டிருந்த நேரத்தில் ஜீப் தீர்த்தஹள்ளிக்குச் சாமான் வாங்கப் போயிருந்தது. திரும்பி வந்ததும் உரிமையாளரிடம் கேட்டேன். "இதுவரை ஒண்ணும் ஆனதில்லை சார்" என்றார். இந்தப் பதிலுக்காகவே ஒரு நட்சத்திரத்தைப் பிடுங்கினேன்.

இரண்டாம் நாள் மதியம்தான் ரகளை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வழிகாட்டிக்கு போன், நாலைந்து கிலோமீட்டரில் ஒரு வீட்டின் மாட்டுக்கொட்டகையில் ராஜநாகம். கையைக் கழுவிவிட்டுப் பையை எடுத்தார், எங்கள் கூட்டத்தில் ஒருவர் அதற்குள் கேமராவோடு ஜீப் அருகே போய் நின்றுவிட்டார், கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர்தான், பாம்பு என்றதும் நிதானம் போய்விட்டது. யாரும் வரக் கூடாது என்றார் வழிகாட்டி. கோயம்புத்தூர்க்காரர் விடவில்லை. "என்ன தம்பி, இவ்ளோ காசு வாங்கிட்டு ஒரு பாம்பக் கூடக் காட்டலைன்னா எப்படி? ஓரமா நின்னுக்கறோம்." அதற்கு வழிகாட்டி, "அண்ணா, அங்க ஏற்கனவே நாப்பது பேர் ஓரமாத்தான் நிப்பாங்க. அவங்கள அனுப்பறதுதான் எனக்கு முதல் வேலை. உங்களையும் கூட்டிட்டுப் போனா அந்த வேலை யாரு செய்யறது?" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு முகம் தொங்கிவிட்டது, சாயங்காலம் வரை அதே பேச்சு.

என்னைக் கேட்டால் அந்த மனிதர் செய்ததுதான் சரி. பிடித்த பாம்பைப் பையில் கட்டிவைத்து, விருந்தாளிகள் வந்ததும் 'விடுவிக்கும் நிகழ்ச்சி' நடத்தி, வாலைப் பிடித்துத் தூக்கிப் போட்டோ எடுக்க விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், இணையத்தில் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு, வனத்துறைக்குத் தெரியாமல் கை வைப்பதே குற்றம். அப்படி நடத்துகிறவனுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு, மறுக்கிறவனுக்கு ஒன்று போடுகிறோம். இந்த இடத்தின் இணையப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், ஒரு நட்சத்திர ரிவ்யூக்களில் பெரும்பாலும் இதே அழுகைதான்.

அன்றிரவு திரும்பி வந்து என்ன நடந்தது என்பதைச் சொன்னார், காலிப் பையை வைத்துச் செய்தும் காட்டினார். போனதும் பாம்பைத் தொடுவதே இல்லையாம். முதலில் கூட்டத்தைத் தள்ளி நிறுத்தி, மாட்டை அவிழ்த்துக் கொண்டுபோகச் சொல்லி, வெளியே போக ஒரு வழி விட்டுக் காத்திருப்பது. பாதி நேரம் அதுவே போய்விடும். போகவில்லையென்றால்தான் குழாய்: அரையடிக்கும் குறைவான வாயுள்ள பிவிசி குழாய், அதன் வெளி முனையில் நீளமான கருப்புத் துணிப்பையைச் செருகிக் கட்டியிருக்கும். குழாயின் வாயைப் பாம்பு ஒளிய நினைக்கும் பக்கத்தில் இருட்டாகத் தெரியும்படி வைத்து, கொக்கியால் மெல்லத் திசை காட்டினால் அது பொந்து என்று நினைத்துத் தானாக உள்ளே போகும், போய்ப் பையில் சேர்ந்துவிடும். கழுத்தைப் பிடிப்பது, வாயைத் திறந்து காட்டுவது எதுவும் கிடையாது. பையின் முடிச்சை இப்படி ஒரு சுற்று, அப்படி ஒரு சுற்று முறுக்கி மடித்துக் கட்டும் விதத்தை எங்களைக் கொண்டே செய்ய வைத்தார், நான் கட்டியது ஒரு உதறலில் அவிழ்ந்தது. அன்றைய பாம்பை வனத்துறை ஆட்கள் முன்னிலையில் அங்கிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் ஓடைப்பக்கம் விட்டுவிட்டார்களாம். கோயம்புத்தூர் அண்ணன் இதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப குழாய் எங்க விக்குது?" என்றார். வீட்டில் மாட்டிவைக்கவா என்று அவர் மனைவி கேட்டார்.

கடைசி நாள் காலை நிகழ்ச்சி அட்டவணையில் 'அருவி' என்றுதான் இருந்தது. மழையில் பாதை சரியில்லை என்று அதை ரத்து செய்துவிட்டு, பதிலுக்கு ஒரு கூட்டைக் காட்டுகிறேன் என்று பக்கத்துப் பாக்குத்தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். குஞ்சுகள் போய்விட்ட காலிக் கூடு. முட்டையோ தாயோ இருக்கிற கூட்டுக்கு யாரையும் கூட்டிப்போவதில்லை, எவ்வளவு கொடுத்தாலும். தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு மூங்கில் புதர், அதனடியில் முழங்கால் உயரத்துக்கு இலைமேடு, மழையில் கொஞ்சம் அமுங்கியிருந்தது. தெரியாதவன் கண்ணில் அது குப்பை. பாம்புகளில் கூடு கட்டுவது ராஜநாகப் பெண் ஒன்றுதான். கையா காலா, உடம்பையே வளைத்து இலைகளை வாரி வாரி இழுத்துக் குவிக்கும், உள்ளே புகுந்து அறை மாதிரி செய்து முட்டையிடும், மேலே மறுபடியும் மூடி அழுத்தும். அவர் குனிந்து மேல் இலைகளை விலக்கினார். முதல் அடுக்கு சொதசொதவென்று இருந்தது. இன்னும் கொஞ்சம், ஈரம் குறைந்தது. ஒரு கையளவு ஆழத்தில் எடுத்த இலையை என்னிடம் நீட்டினார், கசக்கினால் நொறுங்கியது. வெளியே நாள் கணக்கில் விடாமல் பெய்த மழை, உள்ளே காய்ந்த இலை. எங்கள் அறைத் தலையணையை நினைத்துக்கொண்டேன்.

அடியில் முட்டை ஓடுகள். ஓடு என்று சொன்னாலும் உடைவதில்லை, பழைய தோல் பர்ஸ் போல மெத்தென்று சுருங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நேர்க்கோட்டு வெட்டு, பிளேடு வைத்துக் கீறினது போலச் சுத்தமாக. குஞ்சின் மூக்கு நுனியில் இதற்கென்றே ஒரு பல் முளைத்திருக்கும், வெளியே வந்ததும் விழுந்துவிடும். எண்ணினோம், இருபத்துச் சொச்சம். சில கூடுகளில் நாற்பதைத் தொடும் என்றார். ஏப்ரல், மே வாக்கில் இட்ட முட்டை, இரண்டரை மாதம் போலக் கழித்துப் பொரியும், அத்தனை நாளும் தாய் எதுவும் தின்னாமல் மேட்டின் மேலோ பக்கத்திலோ படுத்திருக்கும், பல சமயம் குஞ்சு வெளிவரும் முன்பே கிளம்பிவிடும். குஞ்சுகள் அரை மீட்டர் நீளம், கருப்பில் வெள்ளைப் பட்டை, வந்த அன்றே விஷமும் உண்டு.

தோட்டத்துக்கார அம்மா வந்து எங்களோடு நின்றார். எழுபது வயது இருக்கும், கன்னடம் மட்டும்தான், வழிகாட்டி சொல்லிச் சொல்லித் தமிழாக்கினார். மே மாதம் விறகு பொறுக்கப் போனபோது மேட்டின் மேல் படுத்திருந்ததைப் பார்த்தாராம். வனத்துறைக்குச் சொன்னார்கள், அவர்கள் கூட்டை எடுக்கவில்லை, பொரியும் சமயம் நெருங்கியதும் சுற்றிலும் வலை கட்டி, குஞ்சுகள் வந்ததும் எடுத்துக் காட்டுக்குள் விட்டார்கள். அதுவரை இரண்டு மாதம் இந்த வீட்டில் யாரும் இந்தப் பக்கம் வரவில்லை, இந்த வரிசைப் பாக்குக்கு மருந்தும் அடிக்கவில்லை. காய் உதிர்ந்து நஷ்டம்தானே என்று ஒருவர் கேட்டார். ஆமாம் நஷ்டம்தான், என்ன செய்ய, அது படுத்திருக்கிறதே என்றார் அந்த அம்மா. மலநாடு என்கிற இந்த மலைப்பகுதியில் இதைக் காளிங்க சர்ப்பம் என்று கும்பிடுகிறார்கள், அடிபட்டுச் செத்தால் மனிதனுக்குச் செய்வதுபோல் காரியம் செய்கிறார்கள், அதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு வரிசைப் பாக்கு என்பது கையிலிருந்து போகும் காசு. இந்த முகாமில் கட்டும் பணத்தில் ஒரு பங்கு அப்படிக் கூடு வந்த தோட்டக்காரர்களுக்குப் போகிறதா என்று கேட்டேன். போகவில்லை. போக வேண்டும் என்று பின்னூட்டப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன், நீங்களும் போனால் எழுதுங்கள், நாலு பேர் எழுதினால் யோசிப்பார்கள்.

யாருக்கு இது ஒத்துவரும்? பாம்பை நேரில் பார்த்தே தீர வேண்டும் என்றால் மிருகக்காட்சி சாலைக்குப் போங்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிம்மதியாகப் பார்க்கலாம், செலவும் கம்மி. ஏழு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் வேண்டாம், இரவு நடையில் யாராவது ஒருவர் அறையிலேயே உட்கார வேண்டியிருக்கும். முட்டிவலி உள்ளவர்கள் வழுக்கும் பாதையை யோசித்துக்கொள்ளுங்கள். காடு, தவளை, மழை, கூடவே விஷயம் தெரிந்த ஒரு ஆள் நிதானமாகப் பேசுவது, இது போதும் என்கிறவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன்.

பதிவு செய்யும்போது சில விஷயம். ஜூன், ஜூலை தவிர்த்துவிடுங்கள், அப்போது பெய்யும் மழையில் வெளியே இறங்கவே முடியாது, திண்ணையில் உட்கார்ந்து கஷாயம் குடிக்க ஏழாயிரம் அதிகம். முன்பு பெங்களூரில் இருந்த அந்த வழிகாட்டி அந்த வாரம் இருப்பாரா என்று கேளுங்கள், அவர் இல்லாத நாளில் உரிமையாளரின் மருமகன் கூட்டிப்போகிறாராம், அது சுமார் என்று கேள்வி. இரவு நடை நேரத்தில் வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று முன்பணம் கட்டும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். முன்பணம் எந்தக் காரணத்துக்கும் திரும்பி வராது, தேதி மட்டும் ஒரு முறை மாற்றித் தருவார்கள். ஏர்டெல், ஜியோ எல்லாம் அறையில் எடுக்கவில்லை, பிஎஸ்என்எல் மட்டும் கிணற்றடியில் நின்றால் ஒரு கோடு வரும். கம்பூட் உங்கள் அளவில் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டே போய்விடுங்கள்.